அண்ணி உதைத்தால் அசையாத வண்டி

அந்தக் கருப்பு மோட்டார் சைக்கிள் ஆண்பிள்ளை உதைத்தால் கிளம்பியது. அண்ணி உதைத்தால் கிளம்பவில்லை.

இதுதான் வழக்கு. கொலை இல்லை, கொள்ளை இல்லை. ஆனாலும் துப்பறியும் நிபுணர் விளக்கம் ஒரு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பிய்க்க அங்கே அதிகம் மிச்சமில்லை என்பது வேறு விஷயம்.

விளக்கம் என்பது தெரிந்தவர்கள் வைத்த பட்டப்பெயர். மணி என்னவென்று கேட்டால் கடிகாரத்துக்குள் இருக்கும் பல்சக்கரத்திலிருந்து தொடங்குவார். கேட்டவர் பஸ்ஸைத் தவறவிடுவார். அவருடைய உதவியாளர் அவர் மனைவியின் தங்கை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள். அத்தான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நடுவில் பிடித்து முடித்து வைப்பாள். அதனால் அவளுக்குச் சுருக்கம் என்று பெயர்.

இருவரும் நின்றுகொண்டிருந்த கொட்டகை மைல்கல்லுடையது. மைல்கல் என்பதும் பட்டப்பெயர்தான். வழியில் எந்த மைல்கல்லைக் கண்டாலும் அதன்மேல் ஒரு காலை வைத்துப் படம் எடுத்துக்கொள்வார். புயல் சக்கரம் என்ற மோட்டார் சைக்கிள் சங்கத்தின் மூத்த உறுப்பினர். வாழ்நாள் முழுக்க வேகம், வேகம் என்று பேசியவர், சோபாவில் உட்கார்ந்து காலுறை மாட்டும்போது மாரடைப்பில் போய்விட்டார். சங்கம் அடித்த சுவரொட்டியில் மட்டும் ‘சாலையில் சாய்ந்த சிங்கம்’ என்று போட்டிருந்தது.

சிங்கம் விட்டுப்போனது ஒரு கொட்டகை நிறைய பழைய வண்டிகள். ஒன்றின் எஞ்சின் இன்னொன்றின் சட்டத்தில் குடியிருந்தது. இன்னொன்றின் சக்கரம் மூன்றாவதன் வாரிசுரிமையில் இருந்தது. எதை விற்பது, எதை யாருக்குக் கொடுப்பது என்று பிரித்துத் தரத்தான் விளக்கம் வந்தார். தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து, வண்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்து, வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. எந்தக் கட்டத்திலும் சேராமல் நடுவில் நின்றது இந்தக் கருப்பு வண்டி ஒன்றுதான்.

"இன்னிக்கும் தண்ணித் தொட்டிகிட்ட நின்னுடுச்சு தம்பி," என்றாள் அண்ணி. மைல்கல்லின் மனைவி; சங்கத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணி. தொழில் நீச்சல் கற்றுக்கொடுப்பது. அவள் காலால் ஒரு உதை விட்டால் தண்ணீரே வழிவிடும். உதைக்கிற காலில் பலம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சங்கத்து ஆட்கள் மட்டும் சொன்னார்கள்.

"அப்புறம் வீட்டுக்கு எப்படி வந்தீங்க அக்கா?" என்று கேட்டாள் சுருக்கம்.

"தள்ளிக்கிட்டு. இன்னிக்கு ஆம்பள யாரும் அந்தப் பக்கம் வரல."

பிரச்சினை இப்படி. அண்ணி காலையில் பெட்ரோல் நிரப்புவாள். கொட்டகையில் ஒரே உதையில் வண்டி கிளம்பும். தண்ணீர்த் தொட்டித் திருப்பம்வரை சிட்டாகப் பறக்கும். அங்கே இருமிவிட்டு நின்றுவிடும். அவள் வியர்க்க வியர்க்க உதைப்பாள், அசையாது. யாராவது ஒரு ஆண் வந்து உதைப்பான், உடனே உறுமும். வீடு வந்து சேரும். முதலில் அப்படிக் கிளப்பியவர் சங்கத் தலைவர். அடுத்தவர் செயலாளர். நேற்று கிளப்பியவர் தெருமுனை மருந்துக்கடைக்காரர். அவருக்கு மிதிவண்டிகூட ஓட்டத் தெரியாது.

"தலைவர் என்ன சொல்றார் தெரியுமா?" என்றாள் அண்ணி. "‘வண்டிக்கு ஆள் தெரியும் அண்ணி, ஆம்பள கை பட்டாத்தான் அடங்கும்’ங்கறார்."

"கிளப்பினது கால்ல இல்லையா? கை எங்க வந்துச்சு?" என்றாள் சுருக்கம்.

அண்ணி சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் நின்றது. மத்தியானம் சங்கத்து வேன் வரப்போகிறது.

மைல்கல் உயிரோடிருந்தபோது ஒரு விழா மேடையில் மைக்கைப் பிடித்து, ‘என் கருப்பு வண்டி என் காலத்துக்குப் பிறகு சங்கத்துக்கு’ என்று முழங்கியிருந்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்றாம். சங்கம் அதை அலுவலக வாசலில் மேடை கட்டி, மேலே விளக்குப் போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறது. அண்ணி ஒரே ஒரு நிபந்தனை கேட்டு வாங்கியிருந்தாள். அவள் அதை ஏரிக்கரைவரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தால் வண்டி அவளுக்கு. முடியாவிட்டால் கண்ணாடிப் பெட்டிக்கு. கெடு இன்றைக்கு முடிகிறது.

"இதே வண்டியில அவருக்குப் பின்னாடி உக்காந்து எத்தனையோ ஊர் போயிருக்கேன்," என்றாள் அண்ணி. "நான் பாத்ததெல்லாம் அவரு முதுகு. மலைக்குப் போனாலும் முதுகு, கடலுக்குப் போனாலும் முதுகு. அதுக்கு அந்தப் பக்கம் ரோடுன்னு ஒண்ணு இருக்காமே, அதை ஒரு தடவ பாத்துடணும்னுதான் லைசென்ஸே எடுத்தேன்."

விளக்கம் தொண்டையைச் செருமினார். "அண்ணி, எஞ்சின் ஓட மூணு விஷயம் வேணும். பெட்ரோல், காத்து, தீப்பொறி. தீப்பொறியைப் பாத்துட்டேன், பளிச்சுனு வருது. கார்புரேட்டரைப் பிரிச்சுக் கழுவிட்டேன். பெட்ரோல் தொட்டியைக் கழட்டி அந்த மூலையில வச்சுட்டு, ஒரு திறந்த பாட்டில்ல பெட்ரோல் ஊத்தி, உத்தரத்துல தொங்கவிட்டு, குழாய் வழியா எஞ்சினுக்குக் கொடுத்தேன். நான் டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்காம ஓடிச்சு. ஏன் பாட்டில்னா..."

"வண்டி நல்லாருக்கு, ஆனா ஓடாது. அதானே அத்தான்?" என்றாள் சுருக்கம். "அப்போ வண்டிய விட்டுருவோம். அதைக் கிளப்பின ஆம்பளைங்களப் பிரிச்சுப் பாப்போம்."

அது நல்ல யோசனை என்று விளக்கத்துக்கும் பட்டது. அவருடைய சைடு கார் வண்டியில் அவள் பக்கத்துத் தொட்டிலில் ஏறிக்கொண்டாள். குழந்தையைப் போல உட்கார்ந்து போவதில் அவளுக்கு வெட்கமில்லை. கையில் கடலைப் பொட்டலம் இருந்தால் போதும்.

புயல் சக்கரத்தின் தலைவர் பல் டாக்டர். போனபோது ஒருவருடைய வாய்க்குள் வேலையாக இருந்தார்.

"வாங்க, வாங்க. இவர் பேச மாட்டார், தைரியமா பேசலாம்," என்றார். நாற்காலியில் கிடந்தவர் கண்ணால் எதையோ கெஞ்சினார்.

"அன்னிக்குத் தண்ணித் தொட்டிகிட்ட வண்டியை எப்படிக் கிளப்பினீங்க?" என்று கேட்டார் விளக்கம்.

"பிளக்கு! கழட்டினேன், துடைச்சேன், மாட்டினேன், ஒரே உதை. முப்பது வருஷ அனுபவம். பொம்பளைங்களுக்கு அந்தப் பொறுமை..." தலைவர் சுருக்கத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைசிச் சொல்லை விழுங்கினார். "மத்தியானம் வேன் வருது. மேடைக்கு டைல்ஸ்கூட ஒட்டியாச்சு."

"பிளக் மேல கரி இருந்துச்சா?"

"துடைச்சேன்னு சொல்றேன், கரி இருந்துச்சான்னு கேட்டா என்ன அர்த்தம்? துடைக்கறதுதான் வைத்தியம்."

நாற்காலியில் இருந்தவர் கவலையோடு தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

செயலாளர் டயர் கடை வைத்திருந்தார். கடை முழுக்க ரப்பர் வாசனை. கல்லா மேசையில் வட்டமான ஸ்டிக்கர்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் மைல்கல் மீசையோடு சிரித்தார். சுற்றிலும் ‘உன் மூச்சு எங்கள் வேகம்’ என்று அச்சடித்திருந்தது.

"அஞ்சலி ஸ்டிக்கர். தலைவரோட ஐடியா," என்றார் செயலாளர் பெருமையாக. "அண்ணன் வண்டி ஒவ்வொண்ணுலயும் பெட்ரோல் தொட்டி மூடி மேல ஒட்டினோம். அளவெடுத்துச் செஞ்சது. ஓரம்கூடத் தெரியாது, மழைக்குக்கூட வராது. உங்களுக்கு ஒண்ணு தரட்டுமா?"

"வேணாம், வீட்டுல ஒரு மீசை இருக்கு," என்றாள் சுருக்கம். "நீங்க வண்டியை எப்படிக் கிளப்பினீங்க?"

"கார்புரேட்டர். ஸ்பானரை எடுத்து ரெண்டு தட்டு. நோகாம தட்டணும். இந்த மணிக்கட்டு இருக்கே," என்று தன் மணிக்கட்டைக் காட்டினார். "இது எல்லாருக்கும் வாய்க்காது."

"தலைவர் பிளக்குங்கறாரே?"

"அவர் பல் டாக்டர். எதையாவது பிடுங்கிப் பாக்காம இருக்க மாட்டார்."

வெளியே வந்ததும் விளக்கம் நடைபாதையில் நின்றுவிட்டார். "ஒருத்தர் பிளக், ஒருத்தர் கார்புரேட்டர். வேற வேற மருந்து, ஒரே குணம். அப்படின்னா ரெண்டுமே மருந்து இல்ல. ரெண்டு பேரும் செஞ்ச வேற ஏதோ ஒண்ணு மருந்து. அதைச் செஞ்சோம்னு அவங்களுக்கே நினைப்பில்ல. எப்படின்னா, நாம சாப்பிட்டதைச் சொல்லச் சொன்னா குழம்பு, பொரியல்னு சொல்லுவோமே தவிர, கை கழுவினதைச்..."

"கை கழுவினதைச் சொல்ல மாட்டோம். புரியுது அத்தான். கை கழுவினது மட்டும் ஞாபகம் இருக்கற ஒரு ஆளைப் பிடிக்கணும். ஏறுங்க, மருந்துக்கடை."

மருந்துக்கடைக்காரர் இருமல் மருந்துப் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் கூனிக் குறுகினார்.

"சார், சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல. எனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? அந்தம்மா பாவம் உதைச்சுக்கிட்டே இருந்தாங்க. ஏதாவது உதவணுமேன்னு போனேன். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். பெட்ரோல் இருக்கான்னு மூடியத் திறந்து பாத்தேன். நிறையவே இருந்துச்சு. மூடினேன். சும்மா ஒரு உதை உதைச்சேன். கிளம்பிடுச்சு. நானே பயந்துட்டேன்."

விளக்கத்தின் புருவம் ஏறியது. சுருக்கம் கடலையை மெல்லுவதை நிறுத்தினாள்.

"பெட்ரோல் இருக்கான்னு அந்தம்மாகிட்ட நீங்க கேக்கலியா?" என்றாள்.

"கேட்டேனே. காலையிலதான் நிரப்பினேன்னாங்க."

"அப்புறம் ஏன் திறந்தீங்க?"

மருந்துக்கடைக்காரர் புட்டியை இன்னும் அழுத்தித் துடைத்தார். "அவங்க சொன்னாங்கதான்... இருந்தாலும் நாம ஒரு தடவ பாத்துக்கறது நல்லது இல்லீங்களா?"

சைடு காரில் ஏறும்போதே சுருக்கம் செயலாளருக்குப் போன் போட்டாள். "மணிக்கட்டுக்காரரே, ஒரே கேள்வி. கார்புரேட்டரைத் தட்டறதுக்கு முன்னாடி பெட்ரோல் தொட்டியைத் திறந்து பாத்தீங்களா?"

"அது யார்தான் பாக்க மாட்டாங்க?" என்றது போன். "அண்ணி நிரப்பினேன்னுதான் சொன்னாங்க. ஆனா பொம்பளைங்க சொல்றத..."

அவள் போனை வைத்துவிட்டாள். "அத்தான், கை கழுவின தண்ணி கிடைச்சிருச்சு. தலைவரைக் கேக்கவே வேணாம்."

"கேக்க வேணாம்," என்றார் விளக்கம். "செஞ்சு காட்ட வைக்கணும்."

அவர்கள் திரும்பியபோது வேன் வந்து நின்றிருந்தது. தலைவர் தோல் கோட்டு போட்டு, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரங்கல் கூட்டத்து முகத்தோடு வாசலில் நின்றார். அந்த வெயிலில் தோல் கோட்டு போடுவது வீரம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"மறுபடி பெட்ரோல் நிரப்பியிருக்கேன். கடைசியா ஒரு தடவ ஓட்டிப் பாத்துடறேன்," என்றாள் அண்ணி.

"தாராளமா அண்ணி. நாங்க பின்னாடியே வர்றோம்."

கருப்பு வண்டி ஒரே உதையில் கிளம்பியது. அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினாள். தண்ணீர்த் தொட்டித் திருப்பம் வந்தது. வண்டி ஒரு முறை இருமியது. இன்னொரு முறை இருமியது. நின்றது. அண்ணி ஹாண்டிலைப் பிடித்தபடி தலை குனிந்தாள்.

தலைவர் வேனிலிருந்து மெதுவாக இறங்கினார். "நகருங்க அண்ணி. பெட்ரோல் இருக்கா?"

"நிரம்பியிருக்கு."

தலைவரின் கை தானாகத் தொட்டி மூடியை நோக்கிப் போனது. அது போய்ச் சேருமுன் சுருக்கம் தன் உள்ளங்கையை மூடியின்மேல், சிரிக்கும் மைல்கல்லின்மேல், பொத்தி வைத்தாள்.

"அக்காதான் நிரம்பியிருக்குன்னு சொல்லிட்டாங்களே. மேல செய்யுங்க."

"பாக்காம எப்படிம்மா?"

"பிளக்தான் வைத்தியம்னீங்க. பிளக்கைக் கழட்டுங்க. இதை மட்டும் தொடாதீங்க."

தலைவர் பிளக்கைக் கழற்றினார், துடைத்தார், ஊதினார், மாட்டினார், உதைத்தார். வண்டி கல்லாக நின்றது. மறுபடி உதைத்தார். கோட்டைக் கழற்றிவிட்டு உதைத்தார். கார்புரேட்டரைத் தட்டிப் பார்த்தார். வேன் டிரைவரைக் கூப்பிட்டு உதைக்கச் சொன்னார். டிரைவர் நல்ல வாட்டசாட்டமான ஆண். அவர் உதைத்தும் ஒன்றும் நடக்கவில்லை. தலைவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்தார்.

"ஆம்பள கால் ரெண்டு பட்டாச்சு," என்றாள் சுருக்கம். "இன்னும் யாரையாவது கூப்பிடணுமா?"

"அண்ணி," என்றார் விளக்கம், "இப்ப நீங்க வாங்க. மூடியைத் திறங்க. காதைக் கிட்ட வச்சுத் திறங்க."

அண்ணி மூடியைத் திருகினாள். ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் நீளமாக வந்தது. வெகுநேரம் மூச்சை அடக்கியிருந்தவர் மூச்சு இழுப்பதைப் போன்ற சத்தம்.

"மூடிட்டு, கொஞ்சம் பொறுத்து உதைங்க."

அண்ணி உதைத்தாள். ஒரே உதை. கருப்பு வண்டி தெரு அதிர உறுமியது.

வேன் டிரைவர் கைதட்டினார். தலைவர் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அண்ணி எஞ்சினை அணைத்துவிட்டு மூடியையே பார்த்தாள். "மூச்சு முட்டியிருக்கு," என்றாள் மெதுவாக. நீருக்குள் மூழ்குகிறவர்களை அன்றாடம் பார்க்கிறவளுக்கு அந்தச் சத்தத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் விளக்கத்தை அடக்க முடியுமா?

"எண்ணெய் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டு ஊத்திப் பாத்திருக்கீங்களா? கொஞ்சம் வரும், அப்புறம் நிக்கும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டா ஒழுங்கா கொட்டும். எண்ணெய் வெளிய வரணும்னா அந்த இடத்துக்குக் காத்து உள்ள போகணும். பெட்ரோல் தொட்டியும் அப்படித்தான். மூடியில ஊசி முனையளவு ஒரு ஓட்டை வச்சிருப்பாங்க. அது அடைச்சுப் போச்சுன்னா, கொஞ்ச தூரம் ஓடும், பெட்ரோல் இறங்கறது நிக்கும், வண்டி செத்துடும். தொட்டி நிரம்பியிருந்தா உள்ள காத்துக்கு இடமே கம்மி, இன்னும் சீக்கிரம் நிக்கும். அண்ணி தினமும் நிரப்பினாங்க. நிரப்பினதால நம்பித் திறக்கல. நீங்கள்லாம் அண்ணியை நம்பாமத் திறந்தீங்க. காத்து போச்சு, கிளம்பிச்சு. பேரு பிளக்குக்கும் மணிக்கட்டுக்கும் போச்சு. நான் என்னடான்னா தொட்டியைக் கழட்டி மூலையில வச்சுட்டுத் திறந்த பாட்டில்ல ஓட்டிப் பாத்தேன். திருடனை வெளிய உக்கார வச்சுட்டு வீட்டுக்குள்ள தேடியிருக்கேன்."

சுருக்கம் தலைவர் பக்கம் திரும்பினாள். பொய் விபத்துக்காரர்களிடம் பேசும் குரல் வந்தது. "வண்டி ஓடலேன்னா யாருக்கு லாபம்? கண்ணாடிப் பெட்டி செஞ்சவருக்கு. அந்த ஓட்டைய அடைச்சது யாரு தலைவரே?"

தலைவரின் முகம் வெளுத்தது. "ஐயையோ! நான் எந்த ஓட்டையும் அடைக்கல! அப்படி ஒரு ஓட்டை இருக்கறதே எனக்குத் தெரியாது!"

"முப்பது வருஷ அனுபவம்னீங்களே?"

"அனுபவம் வேற, ஓட்டை வேற!"

சுருக்கம் அவரை உற்றுப் பார்த்தாள். எத்தனையோ பொய்யர்களைப் பார்த்த கண். இந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்கே ஏமாற்றமாக இருந்தது. இவர் வஞ்சகரில்லை. இவர் அஞ்சலி செலுத்தியவர்.

அவள் மூடியை வாங்கித் தலைகீழாகத் திருப்பி வெயிலுக்குக் காட்டினாள். உள்பக்கம் ஒரு சின்னத் துளை இருந்தது. அதன் வழியாக வெளிச்சம் வரவில்லை. மறுபக்கம் திருப்பினாள். துளை வெளியே வரவேண்டிய இடத்தில் மைல்கல் பளபளவென்று சிரித்தார்.

"‘உன் மூச்சு எங்கள் வேகம்’," என்று படித்தாள் அண்ணி. பிறகு நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைத் தேடினாள்.

தலைவர் துள்ளி எழுந்தார். "அண்ணி! வேணாம்! அண்ணன் முகம்! நடுவுல ஊசியால ஒரு சின்னக் குத்து குத்திக்கலாமே?"

"அவரு மூக்குலயா?"

"இல்ல... மரியாதைக்குச் சொன்னேன்..."

"முகம் வீட்டுல சுவத்துல இருக்கு தம்பி. இங்க வேண்டியது காத்து."

ஸ்டிக்கர் உண்மையிலேயே நல்ல தரம். முனகிக்கொண்டே உரிந்து வந்தது. அண்ணி அதை எங்கே போடுவது என்று சுற்றிலும் பார்த்தாள். தெருவில் எறிய மனம் வரவில்லை. தலைவரின் பளபளக்கும் ஹெல்மெட்டை வாங்கி, நெற்றியில் பதமாக ஒட்டி, விரலால் ஓரம் நீவித் திருப்பிக் கொடுத்தாள். "உங்ககிட்டயே இருக்கட்டும். உங்களுக்குத்தான் அவரு மேல உசிரு."

மூடியைத் திருகினாள். உதைத்தாள். கிளம்பினாள். தண்ணீர்த் தொட்டி பின்னுக்குப் போனது. சத்தம் ஏரிப் பக்கம் தேய்ந்து மறைந்தது.

வேன் டிரைவர் பீடி பற்றவைத்தார். சுருக்கம் கடைசிக் கடலையை வாயில் போட்டுக்கொள்ளாமல் விரலிலேயே உருட்டிக்கொண்டிருந்தாள்.

வெகுநேரத்துக்குப் பிறகு ஏரிப் பக்கமிருந்து சத்தம் முதலில் வந்தது. அப்புறம் வண்டி வந்தது. அண்ணி நிற்கவில்லை. ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டு, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வளைத்து, மறுபடியும் ஏரிக்கரைக்கே போய்விட்டாள்.

தலைவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வேனைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். "அண்ணன் வண்டி... அண்ணி உதைச்சா இனிமே எப்பவும் கிளம்புமா?"

விளக்கம் வாயைத் திறந்தார். சுருக்கம் வழக்கம்போல நடுவில் வெட்டத் தயாரானாள். தேவைப்படவில்லை.

"மூடியில ஓட்டை திறந்திருந்தா காத்து உள்ள போகும்," என்றார் விளக்கம். "காத்து உள்ள போனா பெட்ரோல் கீழ வரும். பெட்ரோல் வந்தா, யார் உதைச்சாலும் கிளம்பும்."